ஜார்ஜ் அழகையா: மைக்கை நீட்டுறதுக்கு முன்னாடி

இந்த எபிசோடை ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர்ல இருந்து ரெக்கார்ட் பண்றோம். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா மன்னிச்சிடுங்க.

நிறைய பேர் கேட்ட கேள்வி: "பிபிசி மாதிரி இன்டர்நேஷனல் சேனல்ல ரிப்போர்ட்டர் ஆகணும்னா என்ன படிக்கணும்?" பதிலா ஒருத்தரோட கதையைச் சொல்றேன்.

ஜார்ஜ் அழகையா. 1955ல் கொழும்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1961ல் குடும்பம் கானாவுக்குக் குடிபெயர்ந்தது. அப்புறம் இங்கிலாந்தில் ஹாஸ்டல் படிப்பு, டர்ஹாம் பல்கலைக்கழகம். படிச்சது அரசியல்; ஜர்னலிசம் இல்லை. ஆனா அங்க மாணவர் பத்திரிகைக்கு ஆசிரியரா இருந்தார்.

உடனே டிவிக்குப் போயிடலை. லண்டன்ல 'சவுத்'ங்கிற பத்திரிகையில ஏழு வருஷம் வேலை. வளரும் நாடுகளைப் பத்தின பத்திரிகை அது. 1989ல் பிபிசிக்குள்ள நுழையும்போது வயசு 33. நம்ம வீட்ல இதுக்குள்ள "எப்பதான் செட்டில் ஆவ?"ன்னு கேட்டிருப்பாங்க! ஆனா கேமரா முன்னாடி நிக்கும்போது அவருக்குச் சொல்றதுக்கு விஷயம் இருந்தது. என்னைக் கேட்டா, கோர்ஸைவிட இதுதான் முக்கியம்.

சோமாலியா, ருவாண்டான்னு போய், ஜோஹன்னஸ்பர்க்ல இருந்து ஆப்பிரிக்கச் செய்திகளைத் தந்தார். 2003லிருந்து பிபிசியோட மாலை 6 மணிச் செய்தியில தெரிஞ்ச முகம். 2023 ஜூலையில் புற்றுநோயால் இறந்தார்.

நான் இங்க நிறுத்திப் பேச நினைக்கிறது 1991 கடைசியில சோமாலியாவில் நடந்ததைத்தான். பஞ்சம். ஒரு கிராமத்தில் கேமராவோட போறார். நேத்து அதிர வைச்ச காட்சி இன்னைக்குப் போதலை, இன்னும் கொடூரமா ஒண்ணு வேணும். அந்தத் தேடலை அவரே 2001ல் வந்த தன் புத்தகத்துல மறைக்காம எழுதியிருக்கார். அப்போ ஒரு மனுஷன் அவரைப் பார்த்து லேசா சிரிக்கிறார். ஏன் சிரிச்சார்? மொழிபெயர்ப்பாளரை விட்டுக் கேட்டா, இந்த நிலையில உங்க கண்ணுல பட்டதுக்குக் கூச்சமா இருக்குன்னு பதில் வருது. பசியில வாடுறவருக்குக் கூச்சம். படம் பிடிக்கிறவருக்கு இல்லை. அழகையாவை உலுக்கினது அதுதான். அந்த மனுஷனோட பேரைக்கூட அவர் கேட்டுத் தெரிஞ்சுக்கலை.

இன்னைக்குக் காலையில இங்க ரோட்டோரம் சாமையும் தேனும் விக்கிற ஒரு அக்காகிட்ட, பேர்கூட கேக்காம மைக்கை நீட்டிட்டேன். முந்தானையால வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சாங்க. "சூப்பர், இயல்பா இருக்கு"ன்னு நானும் ரெக்கார்ட் பண்ணிக்கிட்டே இருந்தேன்.

மத்தியானம் திரும்பப் போய் பேரைக் கேட்டேன். சொன்னாங்க. ரேடியோவில போடட்டுமான்னு கேட்டேன். "வேணாம் தம்பி, தேன் மட்டும் வாங்கிக்கோ"ன்னாங்க. அதனால அந்தப் பதிவு இந்த எபிசோடுல இல்லை.