விதி அறிந்து ஆடுவோம்

சதுரங்கம் மேதைகளுக்கு மட்டுமே உரிய விளையாட்டு என்ற எண்ணம் எம்மவரிடையே இன்னும் நிலவுகின்றது. அது தவறானதாகும். குறிஞ்சாக்கேணியில் வாழும் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கும் அதன் அடிப்படை விதிகளை ஒரே மாலைப்பொழுதில் கற்றுக்கொடுத்துவிட முடியும்.

யானை, குதிரை, தேர், காலாள் எனும் நால்வகைப் படையின் பெயரால் இந்தியாவில் தோன்றிய இவ்விளையாட்டு, பாரசீகம் சென்று, 7ஆம் நூற்றாண்டில் அரபிகளைச் சேர்ந்து 'ஷத்ரன்ஜ்' ஆயிற்று. அவர்கள் வழியாகவே ஐரோப்பாவையும் அடைந்தது. 'செக்மேட்' என்பதன் மூலம் 'ஷாஹ் மாத்' என்பதேயாகும். ஆகவே இது தமிழருக்கோ முஸ்லிம்களுக்கோ அந்நியமானதன்று.

பலகையில் 64 கட்டங்கள். ஒவ்வொருவருக்கும் 16 காய்கள். ஆடுபவரின் வலப்பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் அமைய வேண்டும். வெள்ளைக் காய்களே முதலில் நகரும். கோட்டை நேராகவும், அமைச்சர் மூலைவாட்டிலும், அரசி இவ்விரு வழிகளிலும் செல்லும். அரசன் எத்திசையிலும் ஒரு கட்டமே நகர்வான். குதிரை இரு கட்டங்கள் நேராகச் சென்று ஒரு கட்டம் பக்கவாட்டில் திரும்பும். இடையில் நிற்கும் காய்களைத் தாண்டக்கூடியது அது ஒன்றே. காலாள் முன்னோக்கி ஒரு கட்டம், முதல் நகர்வில் விரும்பினால் இரண்டு கட்டம் செல்வான். ஆனால் வெட்டுவது மூலைவாட்டில். எதிரியின் கடைசி வரிசையை அடைந்தால் அரசியாகவோ, கோட்டை, அமைச்சர், குதிரையாகவோ உயர்வான். ஏனைய சிறப்பு விதிகளைப் பின்னர் பழகலாம்.

பெரும்பாலான சச்சரவுகள் முடிவிலேயே எழுகின்றன. அரசன் தாக்குதலுக்குள்ளாகித் தப்ப வழியில்லையெனில் தோல்வி. தாக்குதல் இல்லாத நிலையில், ஆட வேண்டியவருக்கு எந்தக் காயையும் நகர்த்த வழியில்லையெனில் ஆட்டம் சமநிலையாகும். பழைய ஷத்ரன்ஜில் இது வெற்றியாகக் கொள்ளப்பட்டது. இன்றைய விதி அதுவன்று. இவ்வேறுபாட்டை அறியாத பிள்ளை, கையில் இருந்த வெற்றியைச் சமநிலையாக்கிவிட்டுத் திகைத்து நிற்கும்.

மார்க்க ரீதியான தயக்கமும் சிலருக்கு உண்டு. இவ்விளையாட்டுக் குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருந்துள்ளது. அதனைத் தடுத்தோரும் பலர். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பணயமும் தொழுகையைத் தவறவிடுதலும் இல்லாதவிடத்து அது மக்ரூஹ் என்றே கொள்ளப்படுகின்றது; ஹராம் எனப்படுவதில்லை. பணயம் வைத்து ஆடுவதை எவரும் ஏற்கவில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

கைத்தொலைபேசியில் எதிராளியின் முகம் தெரிவதில்லை. பலகையின் முன் அமரும் பிள்ளையோ, தன் முறை வரும்வரை பொறுத்திருக்கவும், தோற்றபின் கைகொடுக்கவும் பழகுகின்றது. பெற்றோரும் ஆசிரியர்களும் விதிகளை முதலில் தாம் கற்று, பின்னர் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.