பாண்டிச்சேரி பீச்சில் பீட்சா: பில் கட்டுறதுக்கு முன்னாடி இந்த 4 வரிகளைப் பாருங்க

ஒயிட் டவுன் சுற்றிட்டு, கடற்கரைச் சாலையில் நடந்துட்டு, குடும்பத்தோட ஒரு பீட்சா கடையில் உட்கார்றீங்க. மெனு கார்டு விலைப்படி ₹1,400-க்குதான் சாப்பிட்டீங்க. பில் வருது ₹1,617. நடுவுல அந்த ₹217 எங்கிருந்து வந்தது?

சர்வீஸ் சார்ஜ் 10%, அதாவது ₹140. அதையும் சேர்த்து ₹1,540-க்கு 5% ஜிஎஸ்டி, ₹77. இதில் எதைக் கட்டியே ஆகணும், எது உங்க விருப்பம்? ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

1. சர்வீஸ் சார்ஜ்

இது அரசாங்க வரி இல்லை. கடை போடுற தொகை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும்னு சொன்னது. உணவக சங்கங்கள் அப்பீலுக்குப் போனாங்க. எடுக்கச் சொல்லும்போது அதுமேல போட்ட ஜிஎஸ்டியும் குறையணும். அப்போ பில் ₹1,470. மிச்சம் ₹147.

2. ஜிஎஸ்டி சதவீதம்

சாதாரண உணவகத்தில் ஏசி இருந்தாலும் இல்லாட்டியும் 5%தான். புதுச்சேரிக்கு சட்டமன்றம் இருக்கறதால பில்லில் சிஜிஎஸ்டி 2.5%, எஸ்ஜிஎஸ்டி 2.5%னு பிரிஞ்சு வரும். ஆனா, முந்தைய நிதியாண்டில் ஒரு அறையையாவது நாளுக்கு ₹7,500-க்கு மேல விட்ட ஹோட்டலுக்குள்ள இருக்கிற உணவகம்னா 18%. அதே ₹1,400 பீட்சாவுக்கு வரி ₹70 இல்லை, ₹252! உட்கார்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

3. ஜிஎஸ்டி எண்

புதுச்சேரி கடைன்னா 34-ல் தொடங்கும். ஆரோவில்லோட பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம், அங்கே 33. எண்ணே இல்லாம ஜிஎஸ்டி போட்டிருந்தா கட்டாதீங்க. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்னக் கடைகளும் உங்ககிட்ட தனியா ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. அவங்க கையிலிருந்துதான் கட்டணும். ஜிஎஸ்டி போர்ட்டலில் எண்ணைப் போட்டா, கடை எந்தத் திட்டத்தில் இருக்குன்னு லாகின் இல்லாமலே தெரிஞ்சிடும்.

4. பீர்

மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வாட்தான். பீட்சாவையும் பீரையும் மொத்தமா கூட்டி 5% போட்டிருந்தா, அது தப்பு. பிரிச்சு போடச் சொல்லுங்க.

எப்படிக் கேட்கறது?

பரிமாறுறவர்கிட்ட கோபப்படாதீங்க, பில் போடுறது அவர் இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டு, "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு புது பில் கொடுங்க"ன்னு சொன்னா போதும். மறுத்தா பில்லை போட்டோ எடுத்துட்டு 1915-க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

சேவை பிடிச்சிருந்தா டிப்ஸை அவர் கையிலேயே கொடுங்க. சர்வீஸ் சார்ஜில் அவருக்கு எவ்வளவு போகுதுன்னு எந்த பில்லிலும் எழுதியிருக்காது.

மூணு நாள் டூர்ல ஆறு வேளை வெளியே சாப்பிட்டா, இந்த ₹147 கிட்டத்தட்ட ₹900 ஆகும்.