பக்ரீத் பெருநாளின் கருத்து

முஸ்லிம்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் பெருநாட்கள் இரண்டு. ரமலான் மாத நோன்பின் முடிவில் வருவது ஒன்று. துல்ஹஜ் மாதம் 10ஆம் நாளில் வருவது மற்றொன்று. பின்னதனையே பக்ரீத் என்றும், ஹஜ்ஜுப் பெருநாள் என்றும், தியாகத் திருநாள் என்றும் வழங்குவர். ஆடு அறுத்து விருந்துண்ணும் பண்டிகை என்ற அளவிலேயே இதனை அறிந்தோர் நம்முள் பலராகலின், இதன் உட்கருத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இப்பெருநாளுக்கு அடிப்படை இப்ராஹீம் நபியின் வரலாறு. கிறிஸ்தவ மாணவர் இவரை ஆபிரகாம் என்னும் பெயரால் நன்கறிவர். மகனைப் பலியிடத் துணிந்தவரை இறைவன் தடுத்து, மகனுக்கு ஈடாக வேறொரு பலியை அளித்தமை இருமறைகளிலும் காணப்படும். எனினும், இரண்டையும் ஒருங்குவைத்துப் படிப்பார்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். ஆதியாகமத்தின் 22ஆம் அதிகாரத்தில், விறகு சுமந்து செல்லும் மைந்தன் பலிக்குரிய ஆடு எங்கே என்று வினவுகின்றான். தந்தையின் உள்ளக்கிடக்கையை அவன் அறியான். குர்ஆனின் 37ஆம் அத்தியாயத்திலோ, தந்தை தாம் கண்ட கனவை மகனிடம் உரைத்து அவன் கருத்தையும் கேட்கின்றார். மகன் பொறுமையுடன் இசைகின்றான். எனவே, ஈண்டுத் தியாகம் செய்வோர் இருவர். அம்மகன் இன்னார் என்று குர்ஆன் அவ்விடத்துப் பெயர் சுட்டவில்லை. 923இல் மறைந்த தபரீ போன்ற பண்டை உரையாசிரியர் சிலர் இஸ்ஹாக் எனக் கொண்டனர். இஸ்மாயீல் என்பதே இன்று பெருவழக்கு. இதனால் பெருநாளின் பொருள் வேறுபடுவதில்லை.

அன்று காலையில் நீராடித் தூய ஆடை உடுத்து, இறைவனே பெரியவன் எனப் பொருள்படும் தக்பீரை ஓதிக்கொண்டு தொழுகைத் திடலுக்குச் செல்வர். தொழுகை முடிந்த பின்னரே பிரசங்கம் நிகழும். வெள்ளிக்கிழமைகளிலோ பிரசங்கமே முற்படும். பின்பு ஒருவரையொருவர் தழுவி வாழ்த்துவர். குர்பானி என்னும் பலி தொழுகைக்குப் பின்னரே கொடுக்கப்படும். முன்னர் அறுத்தது வெறும் இறைச்சியாகுமேயன்றிக் குர்பானி ஆகாது.

கொல்லாமையைப் பேரறமாகப் போற்றும் மரபில் வளர்ந்தோர்க்கு இப்பலி மனக்கூச்சம் தருதல் இயல்பே. அதனை நாம் குறைகூறுவதற்கில்லை. ஆயினும், குருதி கொண்டு இறைவனை மகிழ்விக்கும் முயற்சி என இதனைக் கருதுதல் பொருந்தாது. ஊனும் உதிரமும் இறைவனுக்கு வேண்டுவனவல்ல, கொடுப்போரின் இறையச்சமே வேண்டுவது என்பது குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் உணர்த்தும் கருத்து. குர்பானி பற்றிய விதிகளை நோக்குவார்க்கு இவ்வுண்மை மேலும் விளங்கும்.

குருடு, நொண்டி, நோயுற்றது, எலும்புந்தோலுமாய் மெலிந்தது ஆகியன ஏற்கப்படா. விலைபோகாததை இறைவன் பெயரால் தள்ளிவிடும் தந்திரத்திற்கு இங்கே இடமில்லை. மாடு அல்லது ஒட்டகமாயின் எழுவர் கூடிக் கொடுக்கலாம். இக்கடமை வசதியுடையார்க்கே உரியது. ஹனபி மத்ஹபினர் இதனை அவர்க்குக் கட்டாயம் என்பர். ஷாபி மத்ஹபினர் வலியுறுத்தப்பட்ட நற்செயல் என்பர். தமிழ்நாட்டு முஸ்லிம்களில் இருசாராரும் உளர். இறைச்சியை மூன்று கூறாக்கி, ஒன்றை வீட்டிற்கும், ஒன்றை உற்றார் நண்பர்க்கும், ஒன்றை ஏழைகட்கும் வழங்குதல் சிறப்பு. அறுத்து உரித்தவர்க்குக் கூலியாக இறைச்சியையேனும் தோலையேனும் கொடுத்தல் கூடாது. கூலி தனியே தரப்படல் வேண்டும். தோலை விற்றுத் தன் பணப்பையில் இட்டுக்கொள்ளலும் ஆகாது. தன் செலவில் ஒரு காசைக்கூட அப்பலியினின்று மீட்டுக்கொள்ளலாகாது என்பதே இவ்விதிகளின் உட்கிடை என்பது நம் துணிபு. பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் அத்தோல்களைத் திரட்டி ஏழைகட்கும் ஏழை மாணவர்க்கும் உதவும் வழக்கம் பல ஊர்களில் உண்டு.

பெருநாளன்றும் அதனையடுத்த மூன்று நாட்களிலும் நோன்பிருத்தல் விலக்கப்பட்டுள்ளது. முதல்நாளாகிய 9ஆம் நாளிலோ, ஹஜ்ஜுக்குச் செல்லாதார் நோன்பு நோற்றல் மிகவும் சிறப்பிக்கப்படுகின்றது. முன்னாள் பசித்திருந்தவன் மறுநாள் பிறர் பசியாற்றிவிட்டுத் தானும் உண்ணுகின்றான்.