வீடு கட்டுதலும் வீட்டுரிமையும்: கண்டிப் பிரதேசத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

நெடுநல்வாடையிலே பாண்டிமாதேவியின் அரண்மனை எழுந்த முறையை நக்கீரர் விரித்துரைக்கும் பகுதி தமிழ் மாணவர்க்கு நன்கு பரிச்சயமானது. இரு கோல்களின் நிழல்கொண்டு நண்பகலிலே திசை குறித்து, நூலறிந்தோர் கயிறிட்டு மனையை வகுத்தமையும், கைவல்ல கம்மியன் கதவினை இடைவெளியின்றிப் பொருத்தியமையும், நெடுநிலைக்கு நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பியமையும் அங்கு நுணுக்கமாகக் கூறப்படுகின்றன. இப்பகுதியைப் பண்டைத் தமிழரின் சிற்பநூலறிவுக்குச் சான்றாகக் காட்டுவதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. ஆயின் நாம் கருதவேண்டிய செய்தி பிறிதொன்று. கயிறிட்டவன் பாடலில் உளன். கதவு பொருத்தியவனும் உளன். மேட்டை வெட்டிச் சமப்படுத்தியவனும் மண் சுமந்தவளும் புலவரின் பார்வைக்குள் வரவில்லை.

மோசமான கட்டடக் கலைஞனைக்கூடச் சிறந்த தேனீயிலிருந்து வேறுபடுத்துவது, கட்டுமுன்னரே அவன் தன் மனத்தில் அதனைக் கட்டிவிடுவதே என்று மூலதனத்தின் முதலாம் பாகத்தில் மார்க்ஸ் விளக்குவார். மனித உழைப்பு யாவற்றுக்கும் பொதுவான பண்பாகவே அவர் அதனைக் கூறினார். வர்க்க சமுதாயத்தில் மனத்தில் கட்டுபவன் ஒருவனாகவும் கையால் கட்டுபவன் வேறொருவனாகவும், குடியிருப்பவன் பெரும்பாலும் மூன்றாமவனாகவும் பிரிந்துவிடுகின்றனர். இப்பிரிவினை நூல்களிலன்றி ஒரு கட்டடவேலையின் படிமுறைகளிலேயே கண்டுகொள்ளலாம்.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வீதியில் கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்தால் அலவத்துகொடப் பகுதி வரும். சமதரை அரிதான இடம் இது. வீட்டுவேலை இங்கு அத்திவாரத்துக்கு முன்னரே, சரிவை வெட்டுவதில் தொடங்கிவிடுகிறது. மேற்புறத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்புறத்தில் நிரப்பித் தளம் அமைப்பர். வெட்டிய இடத்து மண் காலங்காலமாக இறுகியது. நிரப்பிய மண்ணோ புதியது, இளகியது. சுவரின் ஒரு பாதி இறுகிய நிலத்திலும் மறுபாதி நிரப்பிலும் நிற்குமாயின், இரண்டொரு மாரிக்குள் வீடு நடுவே பிளவுறும். இதனை அறிந்த மேசன், நிரப்பிய பகுதியில் முற்றத்தையும் விறாந்தையையும் விட்டு, பாரமான சுவர்களை உட்புறம் தள்ளி எழுப்புவான். அல்லது இறுகிய மண் தட்டுப்படும்வரை கிடங்கை ஆழப்படுத்துவான். அணைகட்டுக்குக் கருங்கல்லை அடுக்கும்போது, சுவரைச் சற்றே மலைப்புறம் சாய்த்து, இடையிடையே நீர் கசிந்து வெளியேறத் துளைகளும் விடுவான். அணைகட்டை மண்ணின் பாரம் சரிப்பதிலும் பார்க்க, மண்ணுள் அடைபட்ட நீரே பெரும்பாலும் சரிக்கிறது. வெட்டுமுகத்தின் மேலே ஒரு வடிகான் இல்லையேல் கீழே செய்த வேலை முழுவதும் வீண்.

இவ்வறிவு ஏட்டில் எழுதப்படாதது. அதனாலேயே எளிதில் புறக்கணிக்கப்படுவதும் ஆகும். யந்திரம் ஒரு நாளில் மலையைச் செங்குத்தாக வெட்டித் தரும் இக்காலத்தில் வடிகானுக்கு ஆகும் செலவு வீண்செலவாகவே பலருக்குத் தோன்றுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பெய்த பெருமழையில் கண்டி மாவட்டம் அடைந்த பேரழிவு, சரிவு நிலத்தில் கட்டுதல் பற்றிய வினாவை மீண்டும் நம்முன் நிறுத்தியுள்ளது. நிலச்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்பது நல்ல விதியே. ஆயினும் பாதுகாப்பான நிலத்தை வாங்க வசதியற்றவன் எங்கே கட்டுவான் என்பதற்கு அவ்விதியில் விடையில்லை.

அத்திவாரத்துக்கு மேலே வேலை விரைவாக நடக்கும். நீரில் ஊறிய செங்கல்லை மூட்டு மேல் மூட்டு வராமல் அடுக்குதல், தூக்குக்குண்டால் நேர் பார்த்தல், நிலை நிறுத்துதல், சாரம் கட்டுதல் என்பன எங்கும் உள்ளவை. நிலை வைக்கும் நாளுக்கு மட்டும் சாதி மத வேறுபாடின்றி நல்ல நேரமும் சிறு கொண்டாட்டமும் உண்டு. நெடுநல்வாடைக் கால நெய்யும் கடுகும் வேறு வடிவங்களில் தொடர்வதை இதிற் காணலாம். கூரையிலேதான் கைவினை மீண்டும் தலையெடுக்கிறது. முகட்டுவளை, கைமரம், சிலாகை ஆகியவற்றின் சரிவும் இடைவெளியும் ஓட்டின் அளவாலும் மழையின் வேகத்தாலும் தீர்மானிக்கப்படுவன. பலாமரத்தை வெட்ட அனுமதி பெறவேண்டியிருப்பதாலும் மரத்தின் விலை ஏறியதாலும் தச்சரின் பங்கு இன்று கதவு, யன்னல்களோடு சுருங்கி வருகிறது. மாத்தளை, திகனைப் பகுதிகளின் சுண்ணக்கல்லைச் சுட்டு, நீற்றி, நாட்கணக்கில் புளிக்கவைத்துச் சாந்தாக்கும் முறையையும் சீமெந்து பின்தள்ளிவிட்டது. சுண்ணச்சாந்து மெதுவாக இறுகும். சுவரின் ஈரத்தை வெளியேறவும் விடும். ஆனால் நாட்கூலிக் கணக்கிலே மெதுவாக இறுகுவது நட்டமாகும்.

நம் நாட்டில் மேசனையும் தச்சனையும் ‘பாஸ்’ என்று விளிப்பதுண்டு. ஒல்லாந்தர் மொழியில் அச்சொல்லுக்கு எசமான் என்பது பொருள். பிறருடைய வீட்டில் பிறர் வரைந்த படத்துக்கேற்பக் கூலிக்கு உழைப்பவனுக்கு அது பெயராக நிலைத்தது மொழிவரலாற்றின் குறும்பு எனலாம்.

இப்பிரிவினையைச் சற்றேனும் குறைக்க முயன்றவர் ஒருவரைக் கண்டி பெற்றிருந்தது. 1918இல் கண்டியிற் பிறந்து 1998இல் அங்கேயே மறைந்த மினெற் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் உறுப்புரிமை பெற்றவர். இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர். கண்டிச் சரிவொன்றில் 1949-51 காலப்பகுதியில் அவர் அமைத்த கருணாரத்ன இல்லத்தில் கொங்கிறீற்றும் கண்ணாடியும் ஒருபுறமிருக்க, தும்பறைப் பாய்நெசவும் அரக்குக் கடைசலும் சுடுமண் ஓடுகளும் கட்டடத்தின் உறுப்புகளாகவே இடம்பெற்றன. கண்டி அரசின் ஊழிய முறையிலே நிலமானியம் பெற்று வாழ்ந்த கைவினைஞர் மரபுகள், இராசகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டதன் பின்னர் ஆதரவிழந்து நலிந்ததை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தமது பெருநூலில் ஆழ்ந்த துயரத்தோடு பதிவுசெய்தார். பழைய முறையிற் கைவினைஞனுக்கிருந்த பிணைப்பை அவர் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது எமது கருத்து. மினெற் அம்மரபைக் காட்சிச்சாலைப் பொருளாகக் கருதாமல் கூலியோடு கூடிய வேலையாக மீட்க முனைந்தார் என்பதே அவரது சிறப்பு.

அதனினும் முக்கியமானது 1950களின் பிற்பகுதியில் அவர் அமைத்த வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டம். அரசாங்க ஊழியருக்கான ஏறக்குறைய 250 வீடுகள் கொண்ட அத்திட்டத்திற் குடியேறவிருந்தோருக்கு வினாக்கொத்து அளித்து, அவர்தம் வருமானம், குடும்ப நிலை, பழக்கவழக்கங்கள் ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்னரே வீட்டு மாதிரிகள் வகுக்கப்பட்டன. இருநிலைச் செல்வர் மட்டும் பெற்றுவந்த ‘எனக்கேற்ற வீடு’ என்னும் வாய்ப்பு, நடுத்தர வர்க்கத்தை ஓரளவு எட்டியது.

அவ்வினாக்கொத்து எட்டாத இடம் ஒன்றிருந்தது. கருணாரத்ன இல்லத்தின் வேலை தொடங்கிய 1949இலேயே, முந்திய ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. கோப்பிக் காலம் முதல் அவர்கள் வாழ்ந்தது லயங்களில். ஏறத்தாழ 12 அடிக்கு 10 அடி அறையொன்று, முன்னே சிறு திண்ணை, மேலே தகரம். பல இடங்களில் முதுகோடு முதுகாக இரட்டை வரிசை. அவை கங்காணி ஆட்களை எண்ணுவதற்கும், அதிகாலையிற் பிரட்டுக்கு அழைப்பதற்கும் வசதியாகத் திட்டமிடப்பட்டவை. மலையை வெட்டிச் சாலை போட்டு, சரிவுக்குக் குறுக்கே கான்வெட்டித் தேயிலை மண்ணைக் காத்த அதே கைகளுக்கு, தம் தலைக்கு மேலுள்ள கூரையின் சரிவைத் தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டமை இதனை நோக்கப் பொருத்தமானதே. லயத்தில் அறை பெற்றவனும் வீடற்றவன்தான். வேலை போனால் அறையும் போகும். வீட்டை முதலாளியின் கையிலிருந்து பெறும் தொழிலாளி அவ்வீட்டாலேயே கட்டுண்பான் என்பதை 1872இல் எங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதியபோதே சுட்டியிருந்தார்.

1970களின் நடுப்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. லயம் இவ்விரு மாற்றங்களையும் கடந்து நின்றது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. அதன் பின்னரே 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு என்னும் கோரிக்கை கொள்கையாக வலுப்பெற்றது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,905 சதுர அடி. இந்திய வீடமைப்பு உதவியின் கீழ் முதலில் மலையகத்துக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன.

இவ்வீடுகளின் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. லயத்துச் சுவரோடு ஒப்பிட்டால் தனிச்சுவர் என்பதே ஒரு விடுதலை. எனினும் வீட்டின் படம் வேறெங்கோ வரையப்படுகிறது. ஒரே அளவு, ஒரே வாசல். ஆடு மாடு கட்டவும், விறகு அடுக்கவும், மழைக்காலத்திற் கம்பளி உலர்த்தவும் இடம் வேண்டுமா என்று எந்த வினாக்கொத்தும் கேட்பதில்லை. ஆகவே புதுவீட்டுக்குச் சென்றோர் பலர் முதலிற் செய்யும் வேலை, பின்புறத்தில் நான்கு கம்பு நட்டு, பழைய லயத்துத் தகரத்தை மேலே போட்டு, விறகடுப்புக்கு ஒரு குசினி இறக்குவதாகும். எந்தப் பக்கம் காற்று வரும், எந்தப் பக்கம் சாரல் அடிக்கும் என்பதைப் பார்த்தே அக்கம்புகளை நடுகிறார்கள்.