கங்கையில் வாழும் ஓங்கில்

திமிங்கிலமும், டால்பின் எனப்படும் ஓங்கிலும் மீன்கள் அல்ல. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று பாலூட்டும் விலங்குகள். இவற்றை இரு வகையாகப் பிரிப்பர். நீலத்திமிங்கிலத்திற்குப் பற்கள் இல்லை. மேல்தாடையில் சீப்புப் போலத் தொங்கும் தகடுகளால் கடல்நீரை வடிகட்டிச் சிற்றுயிர்களை உண்ணும். ஏறத்தாழ 30 மீட்டர் வரை வளரும் இதுவே உலகின் மிகப் பெரிய விலங்கு. ஓங்கில்களோ பற்களால் இரையைப் பற்றுவன.

ஓங்கில்கள் அனைத்தும் கடலில் வாழ்வன அல்ல. கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளின் நன்னீரில் ஓர் இனம் வாழ்கிறது. அதன் அலகு நீண்டது. கண்கள் மிகச் சிறியவை. அவை ஒளியை உணருமேயன்றி உருவத்தைக் காணா. ஆகவே அது ஒலி எழுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு கலங்கிய நீரிலும் இரையை அறிகிறது. அது மூச்சுவிடும் ஓசையையொட்டி வடஇந்திய மக்கள் அதனைச் ‘சூன்ஸ்’ என்பர்.

இந்திய அரசு 2009ஆம் ஆண்டு இதனைத் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. பீகாரில் இதற்கென விக்ரமசீலா சரணாலயம் உள்ளது. எனினும், மீன்வலையில் சிக்கும் ஓங்கில் மேலே வந்து மூச்சுவிட இயலாமல் நீருக்குள்ளேயே இறந்துவிடுகிறது.

சிந்தித்து எழுதுக: வலையில் சிக்கிய மீனுக்கும் ஓங்கிலுக்கும் உள்ள வேறுபாடு யாது?