ஓநாய்ச் சிலந்தியை அடையாளம் காண்போம்

இரவில் வயல் வரப்பிலோ புல்வெளியிலோ டார்ச் விளக்கைக் கண்ணருகே பிடித்து ஒளி பாய்ச்சினால், தரையில் பசுமையான சிறு பொறிகள் மின்னுவதைக் காணலாம். பனித்துளிகள் போல் தோன்றும் அவற்றுள் சில, ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். பெரிய சிலந்தி ஒன்றைக் கண்டதும் நம்மில் பலர் அஞ்சுகிறோம். அச்சத்திற்கு முன் அதனை அடையாளம் காணக் கற்பது நலம்.

எவ்வாறு அறிவது?

இக்குடும்பத்தில் 2,400-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை வலை பின்னுவதில்லை. தரையில் ஓடியே இரையைப் பிடிக்கின்றன. உடல் பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில், மண்ணோடு ஒன்றித் தோன்றும். பெரிய இனங்களின் உடல் மட்டுமே ஓர் அங்குல நீளம் இருக்கும்.

எட்டுக் கண்களும் மூன்று வரிசைகளில் அமைந்திருக்கும். கீழ் வரிசையில் நான்கு சிறிய கண்கள். அதற்கு மேல் முன்னோக்கிய இரண்டு பெரிய கண்கள். தலையின் மேற்புறத்தில் மேலும் இரண்டு. தாய்ச் சிலந்தி உருண்டையான முட்டைப்பையை வயிற்றின் பின்நுனியில் ஒட்டிச் சுமக்கும். பொரித்த குஞ்சுகளை முதுகில் ஏற்றிச் செல்லும். வீட்டுச் சுவரில் நண்டு போலக் கால்களை விரித்து நிற்கும் தட்டையான பெரிய சிலந்தி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

நெற்பயிரை அழிக்கும் புகையான் பூச்சியை உண்பதால், ஓநாய்ச் சிலந்தி உழவரின் நண்பன். அதனைக் கொல்ல வேண்டியதில்லை; கையால் தொடாமல், விலகி நின்று படம் எடுத்தால் போதும்.

கடித்தால் ஆபத்தா?

கையில் பிடித்தாலோ நசுக்கினாலோ அது கடிக்கக்கூடும். பிரேசிலின் சாவோ பாவுலோவில் ஓநாய்ச் சிலந்தி கடித்த 515 பேரின் விவரங்களை ஆராய்ந்து 1990-இல் வெளியிட்டனர். பெரும்பாலோருக்கு வலியும், சிலருக்கு வீக்கமும் சிவப்பும் இருந்தன. தசை அழுகல் காணப்படவில்லை.

கடித்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒத்தடமாக வைக்கவும். கீறுவதோ, உறிஞ்சுவதோ, இறுகக் கட்டுவதோ கூடாது. டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என மருத்துவரிடம் கேட்டறியவும். மூச்சுத்திணறலோ முக வீக்கமோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு வரவும்.

காணாத கடி

உண்மையான ஆபத்து, கடித்ததைக் காணாமலே சிலந்தி என்று முடிவு செய்வதில்தான் உள்ளது. கட்டுவிரியன் பாம்பு இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கும். வலியும் அடையாளமும் பெரிதாக இராது. பின்னர் வயிற்று வலி, கண் இமை சரிதல், விழுங்க முடியாமை ஆகியவை தோன்றினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்கவும்.

காய்ச்சலுடன், சிகரெட் சுட்ட வடு போன்ற கரிய பொருக்கு உடலில் தென்பட்டால், அது உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்கிரப் டைஃபஸாக இருக்கலாம். உரிய மருந்தை விரைவில் தொடங்கினால் குணமாகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு ஆகிய மறைவான இடங்களிலும் பார்க்கவும்.

கடித்ததை நீங்கள் பார்க்கவில்லை எனில், “சிலந்தி கடித்தது” என்று கூற வேண்டாம். “எதுவோ கடித்தது, பார்க்கவில்லை” என்று மருத்துவரிடம் உள்ளபடி கூறுவதே சரியான சிகிச்சைக்கு வழிவகுக்கும்.