வாடும் முன்பே முருங்கைச் சாறு

போன சித்திரையில் எங்கள் கிணற்றில் மோட்டார் அரை மணி நேரம் ஓடினாலே காற்று வாங்கியது. பத்து சென்ட்டில் பாலக்கும் அரைக்கீரையும் நிற்கிறது. மதியம் போய்ப் பார்த்தால் பாலக் துவண்டு மண்ணோடு கிடக்கும். வாடின கீரையை எந்தக் கடைக்காரர் வாங்குவார்?

இதே நிலைமை நான் இயற்கை வழிக்கு வருவதற்கு முன்னாலும் ஒரு கோடையில் வந்தது. மருந்துக்கடையில், "வளர்ச்சி ஹார்மோன்ணே, வறட்சிக்கு இதை அடிங்க" என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அடித்தேன். பாலக் கிடுகிடுவென்று உயர்ந்தது, எனக்கும் சந்தோஷம். பார்த்தால் இலை பெருக்கவே இல்லை. தண்டு நீண்டு பூக்கப் போகிறது! பிறகுதான் லேபிளைப் படித்தேன். ஜிப்ரலிக் அமிலம். தண்டை நீட்டுவதுதான் அதன் வேலை. குடிக்கத் தண்ணீர் இல்லாத செடியை ஓடு ஓடு என்று விரட்டியிருக்கிறேன்.

ஹார்மோன் எல்லாம் ஒரே வேலை செய்யாது. மண் காய்ந்ததும் செடி அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைச் சுரந்து இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. தண்ணீர் மிச்சமாகும், ஆனால் வளர்ச்சியும் நின்றுபோகும். இன்னொரு பக்கம், இலையைப் பச்சையாக வைத்திருக்கும் சைட்டோகைனின் குறைகிறது. அடி இலை மஞ்சளாவதற்கு இது ஒரு காரணம். கீரைக்காரனுக்கு இலைதானே காசு! குறைகிற அந்தச் சைட்டோகைனினைத்தான் நாம் வெளியிலிருந்து கொடுத்துப் பார்க்கிறோம்.

அதற்குப் பாட்டில் தேவையில்லை. முருங்கைத் துளிரில் ஜியாட்டின் என்கிற சைட்டோகைனின் இருக்கிறது. இளநீரிலும் சைட்டோகைனின் உண்டு. திசு வளர்ப்புக் கூடங்களில் 1940-களிலிருந்தே அதைப் பயன்படுத்துகிறார்கள். நம் தேமோர் கரைசலில் தேங்காய் சேர்கிறதே, அதை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

நான் செய்வது இதுதான். காலையில் பறித்த இளந்துளிரை, அரைபடும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து அரைத்து, துணியில் பிழிந்து வடிகட்டுவேன். ஒரு பங்கு சாறுக்கு முப்பது பங்கு தண்ணீர். பத்து லிட்டர் டேங்க்குக்கு முந்நூறு மில்லி சொச்சம். நன்றாக வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும். வெயில் சாய்ந்த பிறகு இலையின் மேலும் கீழும் படும்படி அடிக்க வேண்டும். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள், புளித்துவிடும்.

போன சித்திரையில் நான்கு பாலக் பாத்திகளில் இரண்டுக்குச் சாறும் இரண்டுக்கு வெறும் தண்ணீரும் வாரம் ஒருமுறை தெளித்தேன். பாய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. சாறு அடித்த பாத்திகளில் அடி இலை மஞ்சளாவது தள்ளிப்போனது. கட்டில் கழிக்கிற இலை குறைந்தது. அரைக்கீரையில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது இயல்பிலேயே வெயில் தாங்குகிற பயிர். ஏற்கெனவே துவண்டு கருகிப்போன ஓரப் பாத்திக்கும் ஆசைக்கு அடித்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "அப்ப தண்ணி பாய்ச்ச வேண்டியதில்லையா தம்பி?" என்றார். "தண்ணிக்கு இது மாத்து இல்லண்ணே, மொதல்ல வைக்கோல் மூடாக்கு போடுங்க" என்றேன். மூடாக்கு இல்லாமல் சாறு மட்டும் அடிப்பது, ஓட்டைக் குடத்துக்கு மூடி தேடுவது மாதிரி.

இந்த ஆண்டு மாசியிலேயே, இலை செழிப்பாக இருக்கும்போதே முதல் தெளிப்பைக் கொடுத்துவிட்டேன். பாலக்கைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் அரைக்கீரை விதைத்திருக்கிறேன். வரப்பில் முருங்கைப் போத்து நாலு நட்டாயிற்று.